லிஃப்ட்டின் ஸ்வரம்

எறும்பு தும்மினால்கூட அது எந்த ஸ்வரம் என்று சொல்லிவிடுவாள், எங்கள் மூன்றாம் மாடி மேகலா. ஆட்டிசம் உள்ள பெண், பேச்சு அபூர்வம். ஆனால் மிக்சி ஓடினால் "ரி" என்பாள், லிஃப்ட் வந்தால் "ம" என்பாள். அவளுக்குப் பயந்து என் ஆர்மோனியமே ஒருமுறை சுருதியைத் திருத்திக்கொண்டது.

"அளக்காதீங்க சார்" என்பார் எதிர்வீட்டுத் தணிகாசலம்.

இன்று காலை அவரும் மனைவி அமிர்தமும் கல்யாணத்துக்குக் கிளம்பி நின்றார்கள். லிஃப்ட் ஏறி வரும் சத்தம் கேட்டதும் மேகலா வாசலுக்கு ஓடிவந்தாள். "ம இல்ல! க! க!" என்று அலறினாள். யாரையும் தொடாதவள், உள்ளே காலெடுத்து வைத்த அமிர்தத்தின் முந்தானையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"விடும்மா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!" என்று தணிகாசலம் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. ஆளில்லாமல் இறங்கிய லிஃப்ட், பாதியில் கம்பி அறுந்து தரையில் போய் மோதியது. என் வழுக்கையிலும் மயிர் சிலிர்த்தது.

அமிர்தம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தணிகாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது நெசந்தான் சார், ஒத்துக்கிறேன். லிஃப்ட்தான் விழுந்திருச்சே, இப்ப ஏன் சார் இவ சுவத்துல காதை வச்சுக்கிட்டு நடுங்கறா?"