செல்லாத உறுப்பினர்

"வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதல்ல நாடாளுமன்றத்துக்கு விடு."

காரில் ஏறி உட்கார்ந்ததும் தாஹர் கஸூரி சொன்ன முதல் வார்த்தை இதுதான். இருபத்தாறு மாதம் சிறையில் இருந்துவிட்டு அன்று காலைதான் வெளியே வந்திருந்தார். துணிமணி அடைத்த பை ஒன்று மடியில் இருந்தது. வண்டியை ஓட்டியவள் மகள் உல்ஃபா.

"பாபா, ஊர்ல அம்மா கோதுமைக் கஸ்கஸ் வேக வெச்சுட்டுக் காத்திருக்காங்க. மூணு மணி நேரம் ஓட்டணும். இன்னொரு நாள் வரலாமே."

"இன்னொரு நாள், இன்னொரு நாள்னுதான் இத்தனை நாளும் உள்ள கிடந்தேன். வண்டியைத் திருப்பு."

உல்ஃபா திருப்பினாள். கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

தாஹர் கால்நடை மருத்துவர். பழைய நாடாளுமன்றத்தில் வாதி ஸித்ரா என்ற தொகுதியின் உறுப்பினர். சக உறுப்பினர்கள் அவரை 'ஆட்டு டாக்டர்' என்று கிண்டல் செய்வார்கள். அந்த ஆட்டு டாக்டர்தான் ஊர்க் கிணற்றின் மஞ்சள் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து அமைச்சரின் மேசையில் வைத்து, "ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க" என்றவர். பிறகு ஒரு கோடையில் அதிபர் அவையைக் கலைத்தார். கலைத்தது செல்லாது என்று நடுத்தெருவில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள் சில உறுப்பினர்கள். மறுநாளே அவர்களைப் பிடித்துப் போனார்கள். தாஹரும் அதில் ஒருவர்.

"மன்னிப்புக் கடிதம்னு நாலு தடவை கொண்டாந்தாங்க," என்றார் தாஹர். "நாலு தடவையும் கிழிச்சுப் போட்டேன். அஞ்சாவது தடவை கடிதம் வரலை, விடுதலைதான் வந்துச்சு. என் பிடிவாதத்தைப் பார்த்து அவங்களுக்கே அலுத்துப்போச்சு."

உல்ஃபா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் அலுத்துப்போச்சு போல. எட்டு மாசமா எட்டிப் பார்க்கலை. சாப்பாட்டுக் கூடையை உங்க அம்மா தலையில கட்டிட்டே. அவளும் வந்த நேரமெல்லாம் அழுதுட்டுப் போயிடுவா, ஒரு வார்த்தை பேச மாட்டா."

"வேலை இருந்துச்சு, பாபா."

"பள்ளிக்கூட டீச்சருக்கு எட்டு மாசமா அப்படி என்ன வேலை?"

அவள் வண்டியின் வேகத்தைக் கூட்டினாள்.

நாடாளுமன்றத்தின் உயரமான இரும்புக் கேட்டுக்கு எதிர்ப்புறம், சாலையோர மரத்தடியில் உல்ஃபா வண்டியை நிறுத்தினாள். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். இன்ஜினை அணைக்கவில்லை.

"நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"நீயும் இறங்கு."

"வேண்டாம், பாபா."

"ஏன், ஜெயிலுக்குப் போனவன் மகள்னு நாலு பேர் பார்த்துடுவாங்களா? வெட்கமா இருக்கா?"

அவள் உதடு துடித்தது. ஆமாம் என்றுதான் தாஹர் அதை எடுத்துக்கொண்டார். கதவை அறைந்து சாத்திவிட்டுச் சாலையைக் கடந்தார்.

கேட்டில் நின்ற காவலனிடம் தன் உறுப்பினர் அட்டையை நீட்டினார். அவன் அதைப் பார்த்த வேகத்திலேயே திருப்பிக் கொடுத்தான்.

"இது பழைய சபையோட அட்டை, பெரியவரே. செல்லாது."

"எது செல்லாது? அட்டையா, எனக்கு ஓட்டுப் போட்ட பதினெட்டாயிரம் பேரா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. புதுப் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் உள்ள விடுவேன்."

"புதுப் பட்டியலா? நூறு பேருக்குப் பத்துப் பேர் ஓட்டுப் போட்டதுக்குப் பேர் தேர்தலா? மத்த தொண்ணூறு பேரும் வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தாங்களே, அது ஏன்னு உனக்குத் தெரியுமா? சிறைக்குள்ள இருந்த எனக்கே தெரியும்."

"சத்தம் போடாதீங்க. அதிகாரி காதுல விழுந்தா எனக்குத்தான் ஏச்சு."

"விழட்டும். எங்க தொகுதிக்கும் எவனோ ஒருத்தன் சூடு சொரணை இல்லாம வந்து உக்கார்ந்திருப்பானே, அவனை வெளிய கூப்பிடு. அவன் மூஞ்சியை நான் பார்க்கணும். எங்க ஊர்த் தண்ணியைப் பத்தி உள்ள ஒரு வார்த்தை பேசியிருக்கானான்னு கேக்கணும். பேசியிருந்தா நான் பேசாம போயிடறேன்."

கத்திக் கத்தித் தாஹருக்கு மூச்சு வாங்கியது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். காவலன் மனமிரங்கினான்.

"வெயில்ல நிக்காதீங்க. யார் கூட வந்தீங்க?"

தாஹர் எதிர்ப்புறம் கையைக் காட்டினார்.

"அங்க வண்டி நிறுத்தவே கூடாதே," என்று முணுமுணுத்தபடி அவன் சாலையைக் கடந்தான். தாஹர் பின்னாலேயே போனார். அந்தப் பயலிடம் மகள் ஏச்சு வாங்குவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

காவலன் குனிந்து கண்ணாடியைத் தட்டினான். அது மெல்ல இறங்கியது. அவன் சட்டென்று நிமிர்ந்து சல்யூட் அடித்தான்.

"மன்னிக்கணும் மேடம். வாதி ஸித்ரா உறுப்பினரோட வண்டின்னு தெரியாமப் போச்சு. கூட்டம் ஆரம்பிச்சு அரை மணி நேரமாச்சே, கேட்டைத் திறக்கட்டுமா?"

உல்ஃபா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"வாக்குச்சீட்டுல அவங்களுக்கு நம்ம குடும்பப் பேர் வேணுமாம், பாபா. அதைக் கொடுத்தாத்தான் உங்களை விடுவோம்னாங்க."