பானெட்டின் தம்பி

ரெஜினா ஒரு மாதமாக, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மாதிரிக் காரைச் செய்துகொண்டிருந்தாள். அதில் எஞ்சினை மூடியிருந்த பானெட்டுக்குத் தன் வேலையில் பெருமை அதிகம்.

"நான் மூடலேன்னா உன்மேல தூசி படியும் தம்பி. உலகம் பொல்லாதது" என்று தினமும் எஞ்சினிடம் சொல்லும். "சரிண்ணே" என்று எஞ்சின் அடங்கிக் கிடக்கும்.

ஒருநாள் ரெஜினா பானெட்டைக் கழற்றி, மிச்சப் பாகங்கள் கிடக்கும் டப்பாவில் போட்டாள்.

"அநியாயம்! என் தம்பி கதி என்ன ஆகும்?" என்று அது கத்தியது.

"ஹாட் ராட் காருக்கு எஞ்சின் வெளியே தெரிஞ்சாதான் அழகாம் அண்ணாச்சி. இனிமே உமக்கு வேலை இல்லை" என்று சிரித்தது டப்பாவிலிருந்த ஒற்றைச் சக்கரம்.

பானெட் கோபத்தோடு விளிம்புக்கு மேல் எட்டிப் பார்த்தது. பழைய இயர்போனை உரித்தெடுத்த செம்பு இழைகளை, ரெஜினா மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் எஞ்சினில் பொருத்திக்கொண்டிருந்தாள். அதன் பக்கங்களில் வெள்ளிப் பூச்சு பூசிய எட்டுப் புகைக்குழாய்களும் ஜன்னல் வெயிலை வாங்கித் தகதகவென்று எரிந்தன.

பானெட்டின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது.

"அது யாரு?" என்று மெதுவாகக் கேட்டது.

"உம்ம தம்பிதான், அண்ணாச்சி" என்றது சக்கரம்.