நாலாம் நம்பர்

கதவு திறந்துவிட்டது. ஆனால் ஒருவரும் வெளியே வரவில்லை.

ரெட்டிபாளையத்துக்கு அப்பால், சுண்ணாம்புக்கல்லை வெட்டி முடித்துக் கைவிட்ட பெரும்பள்ளத்தில் மழைத்தண்ணீர் பச்சையாக நின்றது. அதன் நடுவே ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது விண்கலம். டிக்கெட் வாங்குகிறவர்களை வானத்துக்கு ஏற்றிப்போய்க் காட்டி இறக்கப்போகும் ஒரு தனியார் கம்பெனியின் கலம்.

திரும்பி வரும்போது கடலில் விழுந்து சாய்ந்துவிட்டால், பயணிகள் தாங்களாகவே வெளியேறியாக வேண்டும். அதைத்தான் இங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நடப்பது கரையிலிருந்த ஒலிபெருக்கியில் கேட்டது.

"நீங்க போங்க மாமா."

"நீ போம்மா மொதல்ல. புள்ள வூட்டுல தேடும்."

"பெரியவங்க உள்ள இருக்கிறப்ப நாங்க எப்புடிங்க தாண்டிப் போறது?"

மருமகள் சுகன்யா, மாமனார் சவரியார், விக்கிரமங்கலத்து உரக்கடை ராசாங்கம். நான்காவது இருக்கையில் முந்திரிக்கொல்லைக்காரரான சாந்தியம்மா. அவரும் தம் பங்குக்கு, எல்லாரும் போங்க, நான் மெதுவா வரேன் என்றார்.

மரியாதை முடிவதற்குள் உள்ளே ஏறிய தண்ணீர், கதவு வழியே தெரிந்த அபாய அளவான சிவப்புக்கோட்டைத் தொட்டுவிட்டது.

பாதுகாப்பு அதிகாரி கிருஷ்ணமூர்த்தி விசிலை ஊதினார். காத்திருந்த முக்குளிப்பவர்கள் பாய்ந்துபோய் நாலு பேரையும் வெளியே எடுத்தார்கள்.

விசில் ஊதினால் தோல்வி என்று கணக்கு. இரண்டாவது முறையும் ஊதும்படி ஆனால், இந்தக் கதவைக் கழற்றிவிட்டு வெளிநாட்டுக் கதவைப் பூட்டுவதென்று மேலிடம் முடிவு செய்திருந்தது. கதவை வடிவமைத்த ஷாலினி மேரி அதற்காக மூன்று வருடம் ராப்பகல் பார்க்காமல் உழைத்திருந்தாள். பயிற்சி இல்லாத, நீச்சல் தெரியாத ஆட்களாக இந்த நாலு பேரைத் தேடிப் பிடித்து வந்தவளும் அவள்தான்.

அவள் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. அதுதான் கிருஷ்ணமூர்த்திக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆண்டிமடத்துப் பக்கத்து ஆளுங்களக் கூட்டியாந்தா இப்படித்தாம்மா ஆவும்."

"பெரம்பலூர்ல மட்டும் மாமனாரைத் தாண்டிக்கிட்டுப் போயிருவாங்களா சார்?"

கிருஷ்ணமூர்த்தி பெரம்பலூர்க்காரர். கல்யாணப் பந்தியில், நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று சொல்லிச் சொல்லியே இடத்தைப் பறிகொடுக்கிற வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. அது விண்கலத்துக்குள்ளும் ஏறி உட்காரும் என்றுதான் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

ஷாலினி காரிலிருந்து ஒரு பிஸ்கட் அட்டையை எடுத்து நாலாகக் கிழித்தாள். ஒவ்வொன்றிலும் பெரிதாக ஓர் எண்ணை எழுதினாள். கதவை ஒட்டிய இருக்கைக்கு ஒன்று, கடைசி இருக்கைக்கு நாலு.

"டோக்கன். நம்பர்படி வரணும், அவ்வளவுதான்."

நாலு பேரும் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியாகட்டும், ரேஷன் கடையாகட்டும், டோக்கனுக்கு முன்னால் மாமனாரும் இல்லை, மருமகளும் இல்லை.

கிரேன் மறுபடி கலத்தைத் தண்ணீரில் சாய்த்தது.

கதவு திறந்தது. சுகன்யா மிதவைக்குத் தாவினாள். தாவியவள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே திரும்பி நின்று, டாக்டர் அறை வாசலில் நின்று நம்பர் கூப்பிடுகிற அம்மாளைப் போல அதட்டினாள்.

"ரெண்டு!"

மாமனார் ஓடிவந்தார். வந்ததும் அவர் பங்குக்கு, மூணு என்று குரல் கொடுத்தார். ராசாங்கம் வந்தார். வந்த வேகத்தில் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, மிதவையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, குடித்த தண்ணீரையெல்லாம் இருமித் துப்பிக்கொண்டிருந்தார்.

நாலாவது ஆள் வரவில்லை.

ஒலிபெருக்கியில் தண்ணீர் புகும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே சிவப்புக்கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் மிச்சம். கிருஷ்ணமூர்த்தி விசிலை உதட்டில் வைத்துவிட்டார். கதவு போனால் போகட்டும், உயிருக்கு யார் பதில் சொல்வது?

"இருங்க சார். வருவாங்க."

"நீச்சல் தெரியாதவங்கம்மா அவங்க!"

"அது எனக்குத் தெரியும் சார். நம்பரைக் கூப்பிடாம எந்திரிக்க மாட்டாங்க. ராசாங்கம் கூப்பிடுவாரு, இருங்க."

அவள் கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. இவ்வளவு தைரியம் ஆகாது என்று கிருஷ்ணமூர்த்திக்குத் தோன்றியது. மூச்சை இழுத்தார்.

அதற்குள் ராசாங்கத்துக்குத் தொண்டை திறந்துவிட்டது.

"நாலு! நாலாம் நம்பர் யாருங்க?"

"இந்தா வந்துட்டேன்," என்றது ஒலிபெருக்கி.

சாந்தியம்மா மிதவைச் சட்டைக்கு மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நனையாமல் தூக்கிப் பிடித்திருந்த அட்டையோடு கதவைத் தாண்டி வந்தார். வந்ததும் முதல் காரியமாக அதை ராசாங்கத்திடம் நீட்டினார். இருமலுக்கு நடுவே ராசாங்கமும் அதைப் பொறுப்பாக வாங்கி வைத்துக்கொண்டார்.

தண்ணீர் இன்னும் சிவப்புக்கோட்டைத் தொட்டிருக்கவில்லை.

கிருஷ்ணமூர்த்தி விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். "பாஸ்," என்றார், பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டியதில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

படகு கரை சேர்ந்தது. எல்லாரும் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொள்ள, சாந்தியம்மா மட்டும் சேலை சொட்டச் சொட்ட நேராக ஷாலினியிடம் வந்தார்.

"ஏண்டி, நான் முன்னாடி கெளம்பி வந்துட்டனே, வூட்டுல கேஸை மூடுனியா?"

"மூடிட்டேம்மா. நீ மொதல்ல தலையைத் துவட்டு."

கிருஷ்ணமூர்த்தி அப்போதுதான் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்த்தார்.