பச்சைப் பட்டுக்கு ஏற்ற முகம்

“கல்யாணப் பொண்ணு மாதிரி தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்க. போதும். அப்படியே இருங்க,” என்றார் புகைப்படக்காரர் பிரகாசம்.

சம்பங்கி தலையைத் தாழ்த்தினார். இமைகள் தாமாகவே மூடிக்கொள்ளப் பார்த்தன. காலை முதல் ஸ்டூடியோவில் நின்ற களைப்பு, பூசிய பவுடரையும் மீறி முகத்தில் தெரிந்தது.

“பாவம், தூக்கம் சொக்குது,” என்றார் நாற்காலியில் அமர்ந்திருந்த சரோஜம்மாள். ஓசூர்க் கடைத்தெருவில் பட்டுக்கடை நடத்துபவர் அவர். தீபாவளி விளம்பரத்துக்கான இந்தப் படம், பிற்பகல் பஸ்ஸில் பெங்களூர் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

“நேத்து ராத்திரி ஜூஜுவாடியில கோயில் கூத்துங்கம்மா. விடியற வரைக்கும் கண்ணு மூடல. நேரா இங்க கூட்டியாந்துட்டேன்.”

“சாமி காரியந்தான. நல்லது.”

எந்தப் புடவையைக் கட்டுவது என்பதிலேயே காலைப்பொழுது பாதி கழிந்திருந்தது. சரோஜம்மாள் அரக்குப் பட்டைக் கொண்டுவந்திருந்தார். அரக்கு படத்தில் கறுப்பாகிவிடும் என்று பிரகாசம் மறுக்க, கடைக்கு ஆளனுப்பிப் பச்சைப் பட்டை வரவழைத்தார்கள். இப்போது தகராறு வெளிச்சத்தைப் பற்றியதாக மாறியிருந்தது.

“அந்தப் பக்கத்து ஜன்னலத் தெற, பிரகாசம். சரிகை மங்கிக் கெடக்குது. நான் பொடவை விக்கணுமா, உன் சுவத்துல இருக்கற திரையை விக்கணுமா?”

“ஜன்னலத் தெறந்தா கன்னத்துல நெழல் விழுங்கம்மா.”

“விழட்டுமே. மூக்கும் முழியும் லட்சணமாத்தான இருக்குது. எதுக்கு மறைக்கற?”

பிரகாசம் பெருமூச்சுவிட்டு ஜன்னலைப் பாதி திறந்தார். ஓர் அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, வெயில் புடவையின் மேல் மட்டும் விழும்படி செய்தார். முகத்துக்கு எதிரே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் கட்டியபின், பவுடர் டப்பாவைச் சம்பங்கியிடம் நீட்டினார். சம்பங்கி மோவாயில் மறுபடியும் ஒற்றிக்கொண்டார்.

“மத்தியானம் தாண்டிட்டா பவுடர் நிக்காதுங்கம்மா. சுருக்கா முடிச்சுக்கலாம்,” என்றார் பிரகாசம்.

சரோஜம்மாளின் கண்கள் புடவையின் மடிப்புகளை விட்டு அகலவில்லை. பச்சைப் பட்டு வந்தபோது, உதவிக்கு வருகிறேன் என்று அவர் எழுவதற்குள், சம்பங்கி மூலையிலிருந்த மறைப்புக்குப் பின்னால் சென்று தனியாகவே கட்டிக்கொண்டு வந்துவிட்டிருந்தார். கொசுவத்தில் ஒரு மடிப்பும் பிசகவில்லை.

“இத்தனை வருசம் பட்டு விக்கறேன். இப்படிக் கட்டினவள நான் பாத்ததில்ல,” என்றவர், சம்பங்கியின் கைகளைக் கவனித்தார். “கை காச்சுப் போயிருக்குதே. காடு கழனி வேலையா, கண்ணு?”

சம்பங்கி தலையை மட்டும் அசைத்தார்.

“கையை முந்தானைக்குள்ள வெச்சுக்குங்க,” என்றார் பிரகாசம் அவசரமாக. “பேச்சுக் குடுக்காதீங்கம்மா. மொகம் அசைஞ்சா படம் கலைஞ்சிரும்.”

“நான்தான் பேசறேன். அது வாயே தெறக்கல. ஆமா, ஊர்ல ஒரு வீட்லயும் பொண்ண போட்டோவுக்கு அனுப்ப மாட்டேன்னாங்களே. நாடகக்காரியெல்லாம் ஆகாதுன்னு நானும் சொல்லிட்டேன். இவங்க வீட்ல எப்படி விட்டாங்க?”

“அவங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா. உங்க மகனுக்கு எங்கயாச்சும் பொண்ணு அமைஞ்சுதுங்களா?”

அந்தக் கேள்வி சரோஜம்மாளின் முகத்தை வாடச் செய்தது.

“எங்க அமையுது? பர்கூர்ல பாத்தது வாயாடி. கிருஷ்ணகிரியில பாத்ததுக்குக் கொசுவம் வெக்கத் தெரியல. அத்திப்பள்ளிக்காரி ஒரு கொடம் தண்ணி தூக்க மாட்டா போலிருக்குது. எல்லாத்தையும் வேணாம்னுட்டேன். இனி ஒரு வீட்டுக்கும் வரமாட்டேன், பெங்களூர்ல மில்லு வேலைக்குப் போயிடறேன்னு நேத்து பொட்டி கட்டிட்டான். ஒரே மகன். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள ஒரு நல்ல சேதி சொல்றேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். என்ன சொல்லப் போறேன்னு தெரியல.”

பிரகாசம் காமிராவின் பக்கம் திரும்பினார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

“மூச்ச அடக்கிக்குங்க.”

சம்பங்கியின் முகத்திலிருந்த சோர்வு எங்கோ மறைந்தது. இதழோரத்தில் ஒரு சிறு நாணம் அரும்பியது. சரிகை ஒளிர்ந்தது, கன்னத்தில் நிழல் விழவில்லை. பிரகாசம் காமிராவின் மூடியைத் திறந்து, மூடினார்.

“ஆயிருச்சு,” என்று சொல்லிவிட்டுப் பிளேட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் விரைந்தார்.

சம்பங்கி அருகிலிருந்த முக்காலியில் தளர்ந்து அமர்ந்தார். அந்த நாணம் முகத்தில் இன்னும் முழுமையாகக் கலையவில்லை. சரோஜம்மாள் எழுந்து வந்து, காய்த்துப்போன அந்தக் கைகளைத் தம் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

“கண்ணு, வீடு வீடா ஏறி எறங்கி எங்காலு ஓஞ்சுபோச்சு. நான் தேடின அடக்கம், நான் தேடின கை, எல்லாம் இங்க இருக்குது. குலம் கோத்திரங்கூட நான் கேக்கல. இந்தப் பட்ட அவுக்காத. இப்படியே எங்க வீட்டுக்கு மருமகளா வந்துடு. உங்க வீட்ல யாரக் கேக்கணும், சொல்லு. இப்பவே வந்து கேக்கறேன்.”

சம்பங்கி தொண்டையைச் செருமிக்கொண்டார். காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தார்.

“எம் பொண்டாட்டியத்தான் கேக்கணுங்கம்மா.”