சேனை வைக்க வந்தவள்

பிறக்கும்போதே அடைத்திருந்த குழந்தையின் குடலை மருத்துவர்கள் தைத்துச் சரிசெய்துவிட்டார்கள். நோயை எதிர்க்கும் சக்திதான் அவள் உடம்பில் துளியும் இல்லை. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, பொருந்துகிற உறவினர் ஒருவரின் அணுக்களைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, அவர் கையாலேயே, பிறந்த பிள்ளைக்கு முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுபோல, நாக்கில் சேனை வைக்கச் சொல்கிறது ஆஸ்பத்திரி. அந்த மரியாதைக்காகப் பதினேழு பேர் பட்டும் வெள்ளை வேட்டியுமாக வரிசையில் நின்று பரிசோதனைக்கு எச்சில் கொடுத்ததைக் குழந்தையின் தாய் சிவரஞ்சனி அருவருப்போடு பார்த்தாள். ஒருவரும் பொருந்தவில்லை. பொருந்தியவள், கூப்பிடாமலே வந்து கடைசியில் நின்ற நாத்தனார் நிறைமதி. சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக ஐந்து வருடமாக வீட்டில் சேர்க்கப்படாதவள்.

மாமியார் முகத்தைச் சுளித்தாள். "வேற ஆளப் பாப்போம்டி. சேனை வைக்கிறவ குணந்தான் பிள்ளைக்கு வரும்."

"நாளைக்குள்ள வைக்கலைன்னா பிள்ளையே இருக்காது அத்தை."

"அம்மா சொல்றதையும் கொஞ்சம் யோசி" என்று கணவன் தரையைப் பார்த்தபடி முனகினான். இவனுக்குப் பயந்து நடந்த நாட்களை நினைத்து அவளுக்குத் தன்மீதே கூச்சம் வந்தது.

அவள் எழுந்து ஆஸ்பத்திரி அறையின் கதவைத் திறந்தாள். "உள்ள வா, மதி."

பிறகு மாமியாரிடம் திரும்பினாள். "இவ குணமே வரட்டும் அத்தை. வளர்ந்ததும் உங்க வீட்டை விட்டுத் தப்பிச்சுப் போயிடுவா."