நாவுல ஷெட்டில் லக்கல பஸ்

லக்கலவிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ், நாவுல எண்ணெய் ஷெட்டுக்கு வெளியே டீசல் வரிசையில் நிற்கிறது. காலை வெயிலில் கதவுத் தகரம் இப்போதே சுடுகிறது. சாரதி தர்மேந்திரனின் விரல்கள் ஸ்டியரிங்கில் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. போன வாரம் இறங்கிய மசகெண்ணெய் விலை இந்த வாரம் உலகச் சந்தையில் மறுபடி எகிறிவிட்டதாம், எரிவாயுவும் கூடவே ஏறுகிறதாம், ரேடியோ சொல்கிறது. பாட்டுக்காக மட்டுமே ரேடியோ போட்டவன், இப்போது வாரா வாரம் இந்தச் செய்திக்குக் காது கொடுக்கிறான். இங்கேயும் விலை கூடுமுன் நிரப்பிவிட வேண்டுமென்று ஊரே கேன்களோடு திரண்டிருக்கிறது. ஹோர்ன்கள் அலறுகின்றன, வரிசை அசைவதாயில்லை. முன் இருக்கையில் வெள்ளைச் சீருடையில் சுபாஷினி, பரீட்சை அனுமதி அட்டையால் விசிறுகிறாள், மடியில் வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள்.

"அண்ணா, நேரம் போனா உள்ள விடமாட்டாங்க."

டீசல் முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே நடுங்குகிறது. மாத்தளை வரை போய்விடலாம், திரும்பி வரக் காணாது.

"வரிசைய விட்டா இன்னைக்கி நான் வீட்டுக்குப் போகமுடியாது தங்கச்சி."

மிளகாய்ச் சாக்கோடு பின்னால் உட்கார்ந்திருக்கும் றாபியா பொறுக்கமாட்டாமல் எழுந்து நிற்கிறாள். "டீசல் நாளைக்கும் அடிக்கலாம். புள்ளட பரீட்ச நாளைக்கு வருமா தம்பி?"

தர்மேந்திரன் முன்னால் நீளும் வரிசையை ஒருமுறை பார்க்கிறான். கை சாவியைத் திருகுகிறது. பஸ் உறுமிக்கொண்டு வீதிக்குத் திரும்புகிறது. அது நின்ற இடத்துக்குள் பின்னாலிருந்த லொறி உடனே நுழைகிறது.