வலது கை அச்சு

என் மனைவி அச்சைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

அச்சு திறக்கவில்லை.

வழக்கமாக, கடைசி ரப்பர் பேண்ட் போனதும் அது தானாகவே பக்கவாட்டில் வாய் பிளக்கும். உள்ளே எங்கள் மகளின் வலது கை இருக்கும். மணிக்கட்டு வரை. வெள்ளையாக. விரல்கள் லேசாக மடங்கி, யாரோ எதையோ தரப்போவது போல.

பெனிட்டா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன்பு என் மனைவி வீட்டிலேயே பாத் பாம் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். ஆப்ப சோடா, எலுமிச்சை உப்பு, சோள மாவு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். தண்ணீரில் போட்டால் சீறி நுரைத்துக் கரைந்துவிடும். குளியல் உருண்டை என்று நான் சொன்னால் கோபப்படுவாள். அவள் உருண்டை செய்வதில்லை. சங்கு, நண்டு, பாய்மரப் படகு. கேட்டவர்களுக்குக் கேட்ட வடிவம்.

அச்சுகளும் அவள் கைவேலைதான். ஜன்னல் கண்ணாடிக்குப் பூசும் சிலிகான் பசையில் சோள மாவைக் கொட்டி, சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, பொருளைச் சுற்றி அப்பி, இறுக விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்ததும், பெனிட்டா தன் கையை நீட்டினாள். இதையும் செய் என்றாள்.

எண்ணெய் தடவி, பசையை அப்பி, அரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தோம். அவளுக்கு மூக்கு அரித்தது. இடது கை சும்மாதானே இருக்கிறது என்றேன். அதற்கு இன்று லீவு என்றாள்.

நான்தான் சொறிந்துவிட்டேன்.

காய்ச்சல் ஐந்து நாள்தான்.

பிறகு சங்கும் நண்டும் நின்றுபோயின. அந்த ஒரு அச்சு மட்டும் நிற்கவில்லை. தினமும் காலையில் கலவையை அதில் அடைப்பாள். மதியம் திறப்பாள். கையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

வாளித் தண்ணீர் சீறுவது வெளியே கேட்கும்.

சீறல் மெலியும்.

பிறகு ஒன்றும் கேட்காது.

ஒருநாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. வாளிக்குள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாலையைக் கடக்கும்போது பிடிப்பது போல. அது கரையக் கரைய அவள் விரல்கள் இறுகிக்கொண்டே வந்தன. கடைசியில் அவளுடைய முஷ்டி மட்டும் தண்ணீரில் இருந்தது.

அதற்காக மட்டுமே எழுந்தாள். மற்ற நேரமெல்லாம் படுக்கை. முதுகெலும்பை நைட்டிக்கு மேலேயே எண்ணலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் அட்டையிலேயே இருந்தன. அவளுடைய அண்ணன் லூர்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள், அந்த அச்சை எடுத்துக் கடலில் வீசுங்கள் என்றார்.

என்னால் முடியவில்லை. அது அவள் மகளின் கை மட்டும் அல்ல. என் மகளின் கையும்தான்.

அச்சு கெட்டுப்போக வேண்டும். தானாகவே கெட்டதாகத் தெரிய வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்தது. மழையில் இந்தக் கலவை சொன்ன பேச்சு கேட்காது. காற்றில் இருக்கும் ஈரத்துக்கே பொங்கும். கலவை பிடித்து நிற்பதற்காக ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளித்துப் புரட்டுவாள். வெயில் காலத்தில் பத்து தடவை. மழையில் நான்கு. அதற்கு மேல் போனால் அச்சுக்குள் அடைத்த பிறகும் நுரைத்து ஊதும். அச்சைக் கிழித்துவிடும்.

அன்று காலை அவள் நான்கு தடவை தெளித்துவிட்டு, ரப்பர் பேண்ட் எடுக்க உள்ளே போனாள்.

நான் பாட்டிலை எடுத்தேன்.

கலவை மெல்ல முனகியது. அவசரமாகப் புரட்டி மூடினேன்.

அவள் வந்தாள். ஒரு பிடி அள்ளினாள். கை ஒரு கணம் நின்றது.

பிறகு அடைத்தாள்.

இப்போது மதியம். அச்சு திறக்கவில்லை. உள்ளிருந்து முட்டிக்கொண்டு நின்றது. ரப்பர் பேண்டுகள் அதன்மேல் பள்ளம் போட்டிருந்தன. அவள் நகத்தால் பிரித்துப் பார்த்தாள். கட்டைவிரல் பக்கம் கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. பலாச்சுளையை உரிப்பது போலத் துண்டு துண்டாக உரித்து எடுத்தாள்.

கூச்சலுக்காகக் காத்திருந்தேன். கையில் கிடைத்ததை என்மேல் எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

கை வெளியே வந்தது. கொப்புளமும் துளையுமாக. நகங்கள் இல்லை. ரேகைகள் இல்லை. விரல்கள் தடித்துக் கொஞ்சம் நீண்டிருந்தன.

அதைத் தன் உள்ளங்கையில் கிடத்தி வெகுநேரம் பார்த்தாள்.

"வளந்திருக்கு, பாருங்க."

அந்த வாரம் பெனிட்டாவுக்குப் பத்து வயது முடிந்திருக்கும்.

அன்று அவள் குளியலறைக்குப் போகவில்லை. தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் பின்கட்டுக்குப் போய், சத்தம் வராமல் அழுதேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வீடெங்கும் புளித்த காடி வாசனை. சிலிகான் பசையின் வாசனை அது.

ஊதிய கையைச் சுற்றிப் புதிய அச்சு இறுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் கலவை தயாராக இருந்தது. குளித்துத் தலை சீவியிருந்தாள். மாத்திரை அட்டையில் ஒன்று குறைந்திருந்தது.

ஸ்ப்ரே பாட்டிலை என் கையில் வைத்தாள்.

"நேத்து எத்தன தடவ கூடுதலா தெளிச்சீங்க?"

முகத்தில் கோபம் இல்லை. கறிக்கு எவ்வளவு உப்பு என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

ஏழு என்றேன்.

அவள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.